சதைக்குள் எலும்பு வளருமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி எனக்கு எழுதியிருக்கிறார். அவருடைய அண்ணன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். எட்டு மாதத்துக்கு முன் வேலை முடிந்து வீடு திரும்பும்போது, மழையில் ஊறிக் கிடந்த செம்மண் பாதையில் மோட்டார் சறுக்கி விழுந்துவிட்டார். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அறுவை செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். தோல் ஆறிவிட்டது, எலும்பு சேரவில்லை. இந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்திருக்கிறது: மரபணுவைச் சதையில் ஊசியாகப் போட்டால் புது எலும்பு வளர்ந்துவிடும், முன்பணம் கட்டினால் வெளிநாட்டில் ஏற்பாடு செய்து தருகிறோம் என்று. "அக்கா, இது நிஜமா? அம்மா நகையை அடகு வைக்கலாம் என்கிறார்" என்று தம்பி கேட்கிறார்.

தம்பி, நகை பெட்டியிலேயே இருக்கட்டும். மரபணு கொடுத்துச் சதையில் எலும்பை வளர்க்க முடியும் என்பது உண்மைதான். எலியிலும் முயலிலும் பலமுறை செய்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் கால் முறிந்த மனிதருக்குக் கொடுக்கும் சிகிச்சையாக இதற்கு எந்த நாட்டிலும் இன்னும் அனுமதி இல்லை. அனுமதி இல்லாத ஒன்றுக்கு முன்பணம் கேட்பவரிடம் பேச்சே வேண்டாம். இவ்வளவு தெரிந்தால் போதும் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் ஏன் இன்னும் வரவில்லை என்பது புரிந்தால்தான் அடுத்த வீடியோ வரும்போது அம்மாவுக்கு நீங்களே விளக்கிச் சொல்ல முடியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பல வருடம் எலும்புத் திசு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவள் நான். இந்த விஷயத்தில் எனக்கு ஆசையும் அதிகம், பயமும் அதிகம்.

எங்கள் அப்பா பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர். லயத்து வீட்டிலிருந்து விடியற்காலையில் அவரோடு போய்ப் பால் பிடிக்கும் மங்கு துடைத்து வைப்பேன். கத்தி கட்டையைத் தொடக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்வார். கட்டைக்கு மேல் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகப் பட்டையை விட்டுத்தான் சீவ வேண்டும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உயிருள்ள மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. அது தப்பித்தால் சில வருடத்தில் புதுப்பட்டை வந்து, அதே இடத்தில் மறுபடி சீவலாம். அதில் காயம் பட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும், பிறகு அங்கே கத்தி ஓடாது. மரத்தில் அந்தப் படலத்துக்குக் கேம்பியம் என்று பெயர். பின்னாளில் எலும்பைப் பற்றிப் படித்தபோது, எலும்பைச் சுற்றியுள்ள உறையின் உள்ளடுக்குக்கும் மருத்துவர்கள் கேம்பியம் என்றே பெயர் வைத்திருப்பதைப் பார்த்துப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் அப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன். வேலையும் ஒன்றுதான். முறிந்த எலும்பை ஒட்ட வைக்கும் செல்களில் பெரும்பங்கு அந்த உறையிலிருந்து வருகிறது. உங்கள் அண்ணனுக்கு எலும்பு வெளியே வந்த அடியில் அந்த உறை கிழிந்து போயிருக்கும்.

உறை போனால் வேறு எங்கிருந்து செல் வரும்? அதற்குப் பதில்தான் சதை.

சதை எலும்பாகும் என்பதை ஆய்வுக்கூடத்துக்கு வரும் முன்பே நான் வீட்டில் பார்த்துவிட்டேன். என் சித்தப்பா மகன் பள்ளியில் படிக்கும்போது மரத்திலிருந்து விழுந்து முழங்கையில் அடிபட்டான். சுளுக்கு என்று நினைத்து, தெரிந்த ஒருவரிடம் தினமும் எண்ணெய் போட்டு உருவிவிட்டார்கள். இரண்டு மாதத்தில் கை மடங்கவும் இல்லை, நீளவும் இல்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் சதைக்குள்ளேயே எலும்பு வளர்ந்திருந்தது. அடிபட்டு ரத்தம் கட்டிய சதையை மேலும் மேலும் அழுத்திப் பிசைந்தால் இப்படி ஆகலாம் என்று எலும்பு மருத்துவர்கள் எல்லோரும் எச்சரிப்பார்கள். அவனுக்கு அந்தக் கை இன்றுவரை முழுதாக மடங்காது. உருவியவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்: அண்ணன் காலை யாரும் உருவ விடாதீர்கள்.

சரி, சதைக்குள் அந்த எலும்பை உண்டாக்கியது எது? இந்தக் கேள்விக்கு முதலில் வழி காட்டியவர் லாஸ் ஏஞ்சலிஸில் எலும்பு அறுவை மருத்துவராக இருந்த மார்ஷல் யூரிஸ்ட். எலும்பை அமிலத்தில் ஊற வைத்துச் சுண்ணாம்புச் சத்தை எல்லாம் கரைத்துவிட்டு, மிஞ்சிய மெத்தென்ற பகுதியை விலங்குகளின் சதைக்குள் வைத்துத் தைத்தார். சில வாரத்தில் அங்கே புது எலும்பு. அதற்குள் மஜ்ஜைகூட இருந்தது. 1965-இல் இதை வெளியிட்டார். உயிரில்லாத ஒரு துண்டு பக்கத்துச் சதைக்கு ஏதோ உத்தரவு கொடுக்கிறது என்றால் அதில் ஏதோ ஒரு பொருள் இருக்க வேண்டும். அது ஒரு புரதம் என்று அவர் சொன்னார். அந்தப் புரதக் குடும்பத்துக்குத்தான் இப்போது பிஎம்பி என்று பெயர். மாட்டெலும்பிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, அதன் மரபணுவைக் கண்டுபிடிக்க 1988 ஆகிவிட்டது. ஜான் வோஸ்னியும் கூட இருந்தவர்களும் அதைச் செய்தார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நாம் நடக்கும்போது இழுத்துச் சுருங்கும் சதை நார் எலும்பாக மாறுவதில்லை. நாருக்கும் நாருக்கும் நடுவிலும் ரத்தக் குழாய்களைச் சுற்றியும் இன்னும் எதுவாகவும் ஆகாத செல்கள் காத்துக் கிடக்கின்றன. வழக்கமாக அவை சதையைப் பழுது பார்க்க உதவும், சில நேரம் கொழுப்பாகும். பிஎம்பி வந்து அவற்றின் மேற்புறத்தில் சேதி வாங்குவதற்காக உள்ள ஏற்பியைத் தொட்டால் போக்கு மாறிவிடும். முதலில் பெருகும், அப்புறம் குருத்தெலும்பாகும், அதற்குள் ரத்தக் குழாய் நுழையும், குருத்தெலும்பு கரைந்து அந்த இடத்தில் எலும்பு வரும். எலியில் இதெல்லாம் சுமார் மூன்று வாரத்தில் முடிந்துவிடும். தாயின் வயிற்றில் நம் கைகால் எலும்பு உருவானதும் இதே வரிசையில்தான். முறிந்த எலும்பு சேர்வதும் பெரும்பாலும் இப்படித்தான்.

புரதம் கைக்கு வந்துவிட்டதே, பிறகு ஏன் மரபணு என்று கேட்பீர்கள். புரதத்தை மருந்தாக்கியும் பார்த்தார்கள். 2002-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அந்தக் குடும்பத்தில் ஒன்றான பிஎம்பி-2 புரதத்தை முதுகெலும்பு அறுவைக்கு அனுமதித்தது. 2004-இல், உங்கள் அண்ணனுக்கு வந்தது போல் தோல் கிழிந்த கால் எலும்பு முறிவுக்கும் அனுமதித்தது. சிக்கல் அளவில்தான் இருந்தது. ஒரு கிலோ எலும்பிலேயே இந்தப் புரதம் சில மைக்ரோகிராம்தான் இருக்கும். மருந்தாகக் கொடுக்கும்போதோ மில்லிகிராம் கணக்கில் வைக்க வேண்டியிருந்தது, பெரிய பெட்டியில் 12 மில்லிகிராம். ஏனென்றால் வைத்த இடத்தில் அது தங்காது, சில நாளில் கரைந்து போய்விடும். கனமழைக்கு முன்னால் வருடத்து உரத்தை எல்லாம் ஒரே நாளில் செம்பனைக்குப் போட்டால் எவ்வளவு மரத்துக்குப் போகும், எவ்வளவு கால்வாயில் போகும் என்று உங்களுக்கே தெரியும். அதிகம் போட்டதன் விளைவும் வந்தது. கழுத்து முதுகெலும்பில் அனுமதி இல்லாமலே பயன்படுத்தியபோது வீக்கம் வந்து சிலருக்கு மூச்சுக் குழாய் நெருக்கப்பட்டது. 2008-இல் அந்த நிர்வாகமே எச்சரிக்கை கொடுத்தது. 2013-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக எல்லா ஆய்வுத் தரவையும் திரும்பப் பார்த்து, முதுகெலும்பு அறுவையில் இது நோயாளியின் சொந்த எலும்பை எடுத்து ஒட்டுவதை விடப் பெரிதாக மேலானது இல்லை என்றன.

(அம்மா கேட்டால் சொல்வதற்காக ஒன்று: அந்தப் புரதத்தை ஊற வைக்கும் பஞ்சு மாட்டின் தசைநாணிலிருந்து எடுத்த கொலாஜன். மாட்டுப் பொருள் வேண்டாம் என்று நினைக்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. எந்த ஒட்டுப் பொருள் என்றாலும் அது எதிலிருந்து வந்தது என்று அறுவைக்கு முன் கேட்பது உங்கள் உரிமை, கூச்சப்பட வேண்டாம்.)

மரபணு யோசனை இங்கேதான் வருகிறது. புரதத்தை மொத்தமாகக் கொட்டாமல், அதைச் செய்யும் குறிப்பை மட்டும் செல்லிடம் கொடுத்துவிட்டால், செல் தானே சிறிது சிறிதாகத் தேவையான இடத்தில் சில வாரம் செய்துகொண்டிருக்கும். சளிக்காய்ச்சல் உண்டாக்கும் அடினோ வைரஸை எடுத்து, அது பெருகுவதற்கான மரபணுவை நீக்கி, பிஎம்பி-2 மரபணுவை உள்ளே வைத்துச் சதையில் ஊசி போட்டார்கள். நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளில் அருமையாக எலும்பு வந்தது. எதிர்ப்புச் சக்தி உள்ள விலங்கில் போட்டால் மிகக் குறைவு. வைரஸ் புகுந்த செல்லை உடம்பே அழித்துவிடுகிறது. உங்கள் அண்ணன் எதிர்ப்புச் சக்தி உள்ள மனிதர். வீடியோக்களில் காட்டும் அழகான எலிப் படங்களைப் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

இதைச் சுற்றிப் போக ஒரு நல்ல வழியைக் கிறிஸ்டஃபர் எவன்ஸ் என்ற ஆய்வாளரின் குழு கண்டுபிடித்தது. எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. எலியின் சதையில் சிறு துண்டுகளை வெட்டி எடுத்து, உடம்புக்கு வெளியே வைத்தே பிஎம்பி-2 மரபணு கொண்ட வைரஸோடு கொஞ்ச நேரம் சேர்த்து, தொடை எலும்பில் 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வெட்டிய இடத்தில் அந்தத் துண்டுகளை வைத்தார்கள். அவ்வளவு இடைவெளி எலியில் தானாகச் சேரவே சேராது. இவற்றில் சேர்ந்தது. கொழுப்புத் துண்டையும் இதே போல வைத்துப் பார்த்தார்கள், சதைதான் நன்றாக வேலை செய்தது. 2009-இல் இதை வெளியிட்டார்கள். இதில் எனக்குப் பிடித்தது அறிவியல் மட்டுமில்லை. செல்லைப் பிரித்து வாரக்கணக்கில் வளர்க்கும் விலை உயர்ந்த ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரே மயக்க மருந்தில், ஒரே அறுவையில், நோயாளியின் சொந்தச் சதையிலேயே எல்லாம் முடியும் என்ற எண்ணம் அது. என்றாவது ஒரு நாள் அரசாங்க ஆஸ்பத்திரியில் தோட்டத்து ஆளுக்கும் கிடைக்கக்கூடியது என்றால் இந்த மாதிரி எளிய வழிதான் கிடைக்கும்.

வைரஸே இல்லாத வழிகளும் உண்டு. 2017-இல் லாஸ் ஏஞ்சலிஸின் சீடார்ஸ்-சைனாய் மருத்துவமனைக் குழு, சிறிய பன்றிகளின் கால் எலும்பில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி உண்டாக்கி, அதில் கொலாஜன் பஞ்சை வைத்து இரண்டு வாரம் செல்கள் வந்து குடியேறக் காத்திருந்தது. பிறகு பிஎம்பி-6 மரபணுவையும் நுண்ணிய வாயுக் குமிழிகளையும் ஊசியாகச் செலுத்தி, மேலிருந்து அல்ட்ராசவுண்ட் கொடுத்தார்கள். குமிழி அதிரும்போது செல்லின் சுவரில் கண நேரம் ஓட்டை விழுந்து மரபணு உள்ளே போகிறது. அறுவை நடந்த எட்டாவது வாரத்தில் எலும்பு சேர்ந்துவிட்டது. பன்றி எடையிலும் எலும்பிலும் எலியை விட நமக்கு நெருக்கம் என்பதால் இது பெரிய அடி. 2022-இல் எம்ஆர்என்ஏ வடிவத்தில் பிஎம்பி-2 குறிப்பைக் கொடுத்து எலித் தொடை எலும்பைச் சேர்த்ததும் வெளியானது. கோவிட் தடுப்பூசியில் வந்ததே, அதே வகைப் பொருள். மரபணுவைத் தொடாமல், வேலை முடிந்ததும் அதுவாகச் சிதைந்து போவது.

இவ்வளவு நடந்தும் ஏன் மனிதருக்கு வரவில்லை? எலும்பை வளர வைப்பது இன்று அவ்வளவு கடினம் இல்லை. போதும் என்று நிறுத்துவதுதான் கடினம்.

ஃபைப்ரோடிஸ்பிளாசியா ஆசிஃபிகன்ஸ் புரோக்ரெசிவா என்று ஒரு நோய் இருக்கிறது. சுமார் இருபது லட்சம் பேரில் ஒருவருக்கு வருவது. அடிபட்டால், விழுந்தால், சில நேரம் சதையில் ஊசி போட்டாலே, அந்தச் சதை எலும்பாகிவிடும். வெட்டி எடுத்தால் இன்னும் அதிகமாக வளரும். அந்த நோயோடு வாழ்ந்து 1973-இல் இறந்த ஹாரி ஈஸ்ட்லாக் என்பவர் தன் எலும்புக்கூட்டை அறிவியலுக்குக் கொடுத்தார். ஃபிலடெல்ஃபியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் அது நிற்கிறது. முதுகிலிருந்து தொடைவரை பாலம் பாலமாக எலும்பு, தாடைகூடப் பூட்டிக்கொண்டது. 2006-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு காரணத்தைக் கண்டுபிடித்தது. ஏசிவிஆர்1 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாற்றம். அந்த மரபணு செய்வது பிஎம்பி வந்து தொடும் அதே ஏற்பிகளில் ஒன்றை. கட்டுப்பாடு தளர்ந்துபோன ஏற்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எலும்புக்கூட்டின் படத்தை ஆய்வுக்கூடத்தில் என் மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருந்தேன். யாருடைய சதைக்குள்ளும் இந்த உத்தரவை அனுப்பும் முன், அது எத்தனை நாள் ஒலிக்கும், எவ்வளவு தூரம் கேட்கும் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வைரஸுக்கும் அதன் ஆபத்து உண்டு. 1999-இல் பென்சில்வேனியாவில் நடந்த வேறொரு மரபணுச் சிகிச்சைச் சோதனையில் அடினோ வைரஸ் கொடுக்கப்பட்ட 18 வயது இளைஞர் சில நாளில் இறந்துபோனார். அது கல்லீரல் நோய்க்காக, மிக அதிக அளவில் ரத்தக் குழாயில் கொடுத்தது, சதைத் துண்டில் தடவுவது போல இல்லை. ஆனாலும் புற்றுநோய்க்கு எடுக்கும் அபாயத்தை, உயிருக்கு ஆபத்தில்லாத, வேறு வழியும் இருக்கிற எலும்பு முறிவுக்கு எடுக்க எந்த ஒழுங்குமுறை அமைப்பும் தயங்கும். தயங்குவதுதான் சரி.

இப்போது அண்ணனுக்கு வருவோம். முறிந்து ஒன்பது மாதம் ஆகி, அதில் கடைசி மூன்று மாதம் எக்ஸ்ரேயில் எந்த முன்னேற்றமும் இல்லை என்றால்தான் சேராத எலும்பு என்று பொதுவாக முடிவு கட்டுவார்கள். எட்டு மாதம் என்பது கவலைப்பட வேண்டிய நேரம், கைவிட வேண்டிய நேரம் இல்லை. அந்த எலும்பின் உள்பக்க முகத்தை விரலால் தடவிப் பாருங்கள், தோலுக்கு அடியிலேயே எலும்பு. சதைப் போர்வை இல்லாத இடம், ரத்தம் குறைவு, அதனால் உடம்பிலேயே சேரத் தாமதிக்கும் எலும்புகளில் அது ஒன்று. இதற்காகவே தோல் கிழிந்த முறிவுகளில் பக்கத்துச் சதையை ரத்தக் குழாயோடு திருப்பிக் கொண்டுவந்து எலும்பின் மேல் போர்த்துவார்கள். மேல் பகுதிக்குக் கெண்டைச் சதை, நடுப் பகுதிக்கு அதற்கடியில் உள்ள சோலியஸ் சதை. மரபணு எதுவும் சேர்க்காமலே சதை எலும்புக்கு உதவும் சிகிச்சை அது, பல வருடமாக நடப்பது.

முதலில் பார்க்க வேண்டியது கிருமி. வெளியே தோல் ஆறியிருந்தாலும் உள்ளே மெதுவான தொற்று இருந்தால் எதைப் போட்டாலும் எலும்பு சேராது. ரத்தப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். அப்புறம் சர்க்கரை. நாட்டில் நம்மவர்களிடம்தான் அது அதிகம், லோரி ஓட்டுபவர்களுக்குச் சாப்பாட்டு நேரமும் கிடையாது. அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். சிகரெட் பிடிப்பவராக இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். புகை எலும்பு சேர்வதைத் தாமதிக்கும் என்பதில் இரண்டாவது பேச்சு இல்லை. வலி மாத்திரையைக் கடையில் தானாக வாங்கி மாதக் கணக்கில் சாப்பிடுகிறார் என்றால் அதையும் டாக்டரிடம் மறைக்க வேண்டாம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் சேரவில்லை என்றால், கம்பியை மாற்றிப் பெரியது வைப்பதும், இடுப்பெலும்பிலிருந்து சொந்த எலும்பை எடுத்து வைப்பதும் இன்றைக்கும் முதல் தரமான சிகிச்சை. எடுத்த இடம் சில மாதம் வலிக்கும், பெரிய இடைவெளிக்குப் போதாது, உண்மைதான். அதற்காகக் கொடையாகப் பெற்ற எலும்பும் உண்டு. கிளந்தான் குபாங் கிரியானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் திசு வங்கி அப்படிப்பட்ட எலும்பைக் காமாக் கதிரால் கிருமி நீக்கித் தயாரிக்கிறது. இடைவெளி மிகப் பெரிது என்றால் இலிசாரோவ் முறை. காலைச் சுற்றி வளையம் போட்டு எலும்பை ஒரு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று நகர்த்த, நடுவில் புது எலும்பு உண்டாகும். சைபீரியாவின் குர்கான் நகரில் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வருடங்களில் இலிசாரோவ் என்ற மருத்துவர் கண்டுபிடித்தது. பொறுமையைச் சோதிக்கும், ஆனால் வேலை செய்யும். இவற்றில் எது பொருந்தும் என்பதை எக்ஸ்ரேயைக் கையில் வைத்திருக்கும் டாக்டர்தான் சொல்ல முடியும், நான் இங்கிருந்து சொல்லக்கூடாது.

வேலை முடிந்து வீடு திரும்பும்போது நடந்த விபத்து என்பதால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் விபத்து பதிவாகிவிட்டதா என்று பாருங்கள். மலாக்காவில் அவர்களுடைய மறுவாழ்வு மையம் இருக்கிறது.

வீடியோக்காரர் திரும்பக் கூப்பிட்டால் அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். மலேசியாவில் என்றால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டு எண் என்ன? வெளிநாட்டில் என்றால் அந்த நாட்டின் அனுமதிக் கடிதம் எங்கே? இங்கே மரபணுச் சிகிச்சைப் பொருளுக்கு எல்லாம் சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் அனுமதி வேண்டும். முறையான சோதனையில் சேரும் நோயாளியிடம் சிகிச்சைக்கு இப்படி முன்பணம் வாங்கவும் மாட்டார்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்க ஈப்போவுக்குப் போகும்போது முதல் நாளிலிருந்து எடுத்த எக்ஸ்ரே எல்லாவற்றையும் தேதி வரிசையில் எடுத்துப் போங்கள். கடைசி மூன்று மாதப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதில் ஏதாவது மாறியிருக்கிறதா டாக்டர்?" என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், அதை வைத்து அடுத்து என்ன கேட்கலாம் என்று பார்ப்போம்.